சரோஜினிதேவி தின்ற பப்பாசி

1

இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டின் அலுவலகத்தில், ஒரு தட்டு ரோல்ஸுக்கும் இரண்டு பிளேன்ரீக்கும் நடுவில் பிறந்தது. ஒஸ்வால்ட் பாவனையாளர் விழிப்புணர்வுச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியன். வெளிநாட்டு உதவியில் வருகிற சஞ்சிகை என்பதால் தாள் வழுவழுவென்று இருக்கும். அதில் வடை சுற்ற முடியவில்லை என்பதுதான் அதைப்பற்றி நான் கேள்விப்பட்ட ஒரே விமர்சனம்.

"மச்சான், மரபணு மாத்தின சாப்பாடு பத்தி ஸ்பெஷல் இஷ்யூ போடுறம். கட்டுரையெல்லாம் வந்திட்டுது. ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. ஒரு கதை வேணும்."

"கதையை வாசிப்பாங்களா?"

"கதையையும் வாசிக்க மாட்டாங்க. ஆனா சல்லி தாற வெள்ளைக்காரனுக்குக் காட்டலாம்." ரோல்ஸைக் கடித்தபடி நிபந்தனைகளைச் சொன்னான். ஆபத்தும் வரவேண்டும், நன்மையும் வரவேண்டும். இரண்டும் சரி பாதி. ஒரு விஞ்ஞானி வந்தால் நல்லது. "யுத்தம் கித்தம் வேணாம் மச்சான். சாப்பாடு மட்டும்."

கொழும்பில் இருந்துகொண்டு, தமிழில், யுத்தம் கித்தம் இல்லாமல் சாப்பாட்டைப் பற்றி எழுதுவது. நான் ஒப்புக்கொண்டேன். எழுத்தாளர்கள் எதற்கும் ஒப்புக்கொள்வார்கள்; ரோல்ஸ் சூடாக இருந்தது.

எனக்கு மரபணுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. சரோஜினிதேவியைத் தெரியும். என் மனைவிக்குத் தூரத்துச் சித்தி முறை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தவர். நடந்ததையெல்லாம் அவரே எனக்குச் சொன்னார். "எழுதும். பெயர்களை மாத்தும். நான் அழுதனான் எண்டு மட்டும் எழுதிப்போடாதையும். நான் அழேல்லை," என்றார்.

பெயர்களை மாற்றிவிட்டேன்.

[இன்னொரு சிக்கல். சித்தியை 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை. 'அவர்' என்று எழுதினால் புருஷனும் அவர், பெண்சாதியும் அவர். இரண்டாம் பக்கத்திலேயே வாசகர் தலையைச் சொறிவார். ஆகவே கதைக்குள் மட்டும் 'அவள்'. சித்தி மன்னிக்க.]

2

முதல் தொடக்கம்: "2001ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் காலைச் சூரியன் வெள்ளவத்தைக் கடலின் மேல் —"

சூரியன் அந்தப் பக்கம் உதிப்பதில்லை. விடுவோம்.

இரண்டாம் தொடக்கம்: "மரபணு என்பது உயிரினங்களின் இயல்புகளைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தும் —"

இது ஒஸ்வால்ட் தந்த துண்டுப்பிரசுரம். நான் எழுதியதல்ல என்பது அதில் பிழையில்லாததிலிருந்து தெரியும்.

மூன்றாம் தொடக்கம்: "சரோஜினிதேவிக்குப் பப்பாசிப்பழத்தின் மணம் ஆகாது."

இது நிற்கட்டும்.

3

சரோஜினிதேவிக்குப் பப்பாசிப்பழத்தின் மணம் ஆகாது. பழம் வெட்டினால் சமையலறையை விட்டு எழும்பிப் போய்விடுவாள். அவளுடைய கணவர் தில்லைநாதனுக்குப் பப்பாசி உயிர். முப்பத்தைந்து வருடம் ஒன்றாகக் குடும்பம் நடத்திய இரண்டு பேர் இந்த விஷயத்தில் ஒருவரையொருவர் திருத்த முயன்று, களைத்து, விட்டுவிட்டார்கள்.

தில்லைநாதன் யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பெரிய லிகிதராக இருந்தவர். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து, கையில் ஒரு சூட்கேஸுடன் கொழும்புக்கு வந்து, நாகேந்திரம் என்பவரின் மாடிவீட்டுக்குக் கீழே அனெக்ஸ் ஒன்றில் குடியேறினார்கள். ஊரில் அவரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்குவார்கள். வெள்ளவத்தையில் அவரைக் கண்டால் பொலிஸார் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, கேட்பார்கள்.

ஒரே மகள் கௌரி ஹவாயில் படித்தாள். அவளுடைய பட்டமளிப்புக்கு இரண்டு பேரும் விசாவுக்குப் போட்டார்கள். தில்லைநாதனுக்கு மட்டும் கிடைத்தது. ஒரு மாதம் நின்றார். தினமும் காலையில் பப்பாசி தின்றார். கைக்குள் அடங்குகிற சின்னப் பழம், உள்ளே மஞ்சள், சீனி போட்ட மாதிரி. அந்தப் பழத்துக்குப் பின்னால் ஒரு கதை இருப்பதாக மகள் சொன்னாள். அந்தத் தீவின் பப்பாசித் தோட்டங்களையெல்லாம் ஒரு வைரஸ் நோய் நாசமாக்கியது. காயில் வளையம் வளையமாக விழும், இலை சுருங்கும், மரம் படுத்துவிடும். விஞ்ஞானிகள் அந்த வைரஸின் மரபணுவிலிருந்தே ஒரு துண்டை எடுத்துப் பப்பாசிக்குள் வைத்தார்கள். அந்த மரங்களை நோய் தொடவில்லை. படுத்த தோட்டங்கள் எழும்பின.

"அப்ப உலகத்துக்கே குடுக்கலாமே, பிள்ளை?"

"அது லேசில்லை அப்பா. விதைக்கு லைசன்ஸ் வேணும். சில நாடுகள் இந்தப் பழத்தை வாங்காது. பக்கத்துத் தோட்டக்காரர் தங்கடை மரத்துக்கும் மகரந்தம் வருகுது எண்டு சண்டை. தின்னலாம், நானும் தின்னிறன். ஆனா விதையை வெளியிலை கொண்டுபோகக் கூடாது."

தில்லைநாதன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். விதை அப்போதே அவருடைய சட்டைப்பையில், மடித்த கைலேஞ்சிக்குள் காய்ந்துகொண்டிருந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவருடைய பெட்டியை அடிவரை கிண்டினார்கள். பற்றரி இருக்கிறதா, வயர் இருக்கிறதா, யாருக்கு என்ன கொண்டுவருகிறாய். ஒரு நாட்டின் விவசாயத்தையே மாற்றக்கூடிய சாமான் சட்டைப்பையில் இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

[ஒஸ்வால்டுக்குக் குறிப்பு: இது 'ஆபத்து' பக்கத்தில் சேருமா, 'நன்மை' பக்கத்தில் சேருமா? கள்ளக்கடத்தல் என்று தனித் தலைப்பு இருந்தால் வசதி.]

4

மூன்று கன்று முளைத்து ஒன்று தப்பியது. அது நாகேந்திரத்தின் மதிலோரம் வளர்ந்து அடுத்த வருடமே காய்த்துக் கொட்டியது. அந்தச் சமயம் பக்கத்து வீட்டுப் பிறிஜெற்றின் இரண்டு பப்பாசிகளும் காயில் வளையம் விழுந்து செத்துக்கொண்டிருந்தன. தில்லைநாதனின் மரத்தில் ஒரு புள்ளி இல்லை.

ஐந்து வருடமாக ஒழுங்கையில் 'கீழ் அனெக்ஸ்காரர்' என்று மட்டும் அறியப்பட்டவர் ஒரே பருவத்தில் விஞ்ஞானியானார். யார் பழம் வாங்க வந்தாலும் முதலில் கதிரை போட்டு இருத்தி, கறுத்த விதைகளை நிரப்பிய ஜாம் போத்தல்களைக் காட்டி, பாடம் எடுப்பார். பழம் பாடத்துக்குப் பிறகுதான். கௌரி அங்கே பல்கலைக்கழகத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறாள். அதுவும் அவர் வாயில் மெல்ல மெல்ல ஆய்வுகூடமாகிவிட்டது.

"ஏனப்பா பொய் சொல்லுறியள்?" என்று சரோஜினிதேவி கேட்டாள்.

"ஆய்வுகூடத்துக்கும் கணக்குப் பாக்கத்தானே வேணும்?"

நாகேந்திரம் மாடியிலிருந்து இறங்கி வந்து கேள்வி கேட்பார். அவர் பேப்பரை விளம்பரம் உட்பட வாசிக்கிற மனிதர்.

"தில்லைநாதன், நீர் சொல்லுறதைப் பாத்தா நாங்கள் தின்னிறது பழமோ வைரஸோ?"

"அண்ணை, வளையம் விழுந்த பழத்தைத் திண்ட காலமெல்லாம் முழு வைரஸைத் திண்டனீங்கள். இதிலை ஒரு துண்டுதான்."

"மீனின்ரை ஜீனைத் தக்காளிக்குள்ளை போடுறாங்களாமே. அப்ப சைவக்காரர் என்ன செய்யிறது?"

"எங்களுக்குப் பரவாயில்லை," என்றாள் கத்தோலிக்கரான பிறிஜெற். "வெள்ளிக்கிழமையில மீன் சாப்பிடலாம்தானே." பிறகு கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்: "அங்கிள், காத்தில இது என்ட மரத்துக்கும் வருமா?"

"வந்தா நல்லதுதானே!"

[பிறிஜெற்றிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க. நல்லது என்று முடிவு செய்தவர் ஓய்வுபெற்ற லிகிதர் ஒருவர். உலகத்தில் வேறு இடங்களில் இதைக் கொம்பனிகள் செய்கின்றன. வித்தியாசம் கோட்டும் டையும்தான்.]

சரோஜினிதேவி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்பாள். பழத்தை அவள் தொடவில்லை. ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்த மனிதர், இப்போது கைகளை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்.

5

2001 சித்திரையில் அரசாங்கம் மரபணு மாற்றிய உணவுகளின் இறக்குமதியைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. வைகாசி என்றார்கள். பிறகு புரட்டாதி என்றார்கள். ஒரு சோயாவிதை இன்னார் பெற்ற பிள்ளை என்று சான்றிதழ் கொண்டுவந்தால்தான் துறைமுகத்தில் இறங்கலாம். வெள்ளவத்தைத் தமிழருக்கு இதில் புதினம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் நாகேந்திரம் பேப்பரை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். எண்பத்தேழிலிருந்து இருந்த அவருடைய மூட்டுவலி அந்தக் காலையில் மரபணு நோயாகிவிட்டது. பிறிஜெற்றுக்குத் தலைமயிர் கொட்டியது. ஒழுங்கை மூலையில் கிடந்த நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது பப்பாசியே தின்னவில்லை என்பதைத் துப்பாக யாரும் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒஸ்வால்ட் கேட்ட விஞ்ஞானியைக் கொண்டுவந்தேன். கலாநிதி ஒருவர், மூக்குக்கண்ணாடி, மென்மையான குரல். ஒழுங்கைச் சனத்தைக் கூட்டி வைத்து, "இதுவரை தின்றவர்களுக்குத் தீங்கு வந்ததாகச் சான்று இல்லை, அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம், ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்" என்று —

அடித்துவிட்டேன். நல்ல மனிதர், சரியாகத்தான் கதைத்தார். ஆனால் அந்த ஒழுங்கைக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. வந்தவர்கள் வேறு ஆட்கள்.

6

ஆடி மாதக் கடைசியில் விமான நிலையத்தில் நடந்த தாக்குதல் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு இல்லாத காலை அருமை.

அன்றைக்குச் சரோஜினிதேவி இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். நான்கு பேர் வந்தார்கள். பொலிஸ் பதிவு சரி, ஐ.சி. சரி. போகிற நேரம் ஒரு இளம் பொலிஸ்காரனின் கண் சுவரில் பட்டது. கௌரி அனுப்பிய ஆங்கிலச் சஞ்சிகைப் பக்கம் ஒன்றைத் தில்லைநாதன் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். தலைப்பில் கொட்டை எழுத்தில் வைரஸ் என்று இருந்தது. கீழே அலுமாரியில் ஜாம் போத்தல்கள், உள்ளே துப்பாக்கிச் சன்னம் போலக் கறுத்த உருண்டைகள்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

பப்பாசி விதை என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். சிங்களத்தில் அந்த இரண்டு சொல்லும் தில்லைநாதனுக்குத் தெரியும். சரோஜினிதேவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, கண்ணால் காட்டினாள். ஆனால் ஒருவன் கேள்வி கேட்டுவிட்டான். ஒரு வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு, நல்ல ஆங்கிலத்தில், இது அமெரிக்காவில் செய்தது, உள்ளே வைரஸ் இருக்கிறது, என்னுடைய மகள் அங்கே விஞ்ஞானி என்று தொடங்கினார்.

முடிக்க விடவில்லை. போத்தல்களையும் சட்டம் போட்ட பக்கத்தையும் அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஒற்றைச் செருப்பு வாசலில் கிடந்தது.

[வாசித்துப் பார்த்த ஒஸ்வால்ட் கேட்டான்: "காட்டிக்குடுத்தது நாகேந்திரம் தானே?" இல்லை. அப்படி எழுதினால் கதை விறுவிறுப்பாகும், நாகேந்திரத்தின் மூட்டுவலிக்கும் ஒரு பழி கிடைக்கும். ஆனால் தில்லைநாதனை ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்ததை அவரே சொன்னார், அவ்வளவுதான். கொஞ்சம் கூட்டியும் சொன்னார்.]

7

அங்கே தில்லைநாதனை அவர்கள் —

உள்ளே கொண்டுபோன முதல் நாள், தில்லைநாதன் —

[இந்தப் பகுதி இல்லை. அவர் யாருக்கும் சொல்லவில்லை, சரோஜினிதேவிக்கும் சொல்லவில்லை. கற்பனை செய்யலாம், அதுதானே தொழில். மூன்று தரம் உட்கார்ந்தேன். மூன்று தரமும் எனக்குத் தெரிந்த வசனங்கள் சரளமாக வந்தன. சரளமாக வந்ததால் விட்டுவிட்டேன்.]

8

முதல் நாள் சரோஜினிதேவி பிறிஜெற்றையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். பிறிஜெற்றுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வாங்கில் இருத்தினார்கள். பின்னேரம், நாளைக்கு வா என்றார்கள்.

இரண்டாம் நாள் வெளிக்கிடும்போது, சரோஜினிதேவி மரத்தில் பழுத்து நின்ற ஒரு பழத்தை முறித்துக் கத்தியுடன் பைக்குள் வைத்தாள்.

"அன்ரி, இது எதுக்கு?"

"பழம் எண்டு காட்டத்தான். போத்தலுக்குள்ளை பாத்தா அவங்களுக்கு விளங்காது."

வாசலில் கத்தியைப் பறித்துக்கொண்டு பழத்தை விட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு நாற்பது வயதிருக்கும், களைத்த முகம். மேசையில் ஜாம் போத்தல்கள் வரிசையாக இருந்தன. அவரும் பேப்பர் வாசிக்கிறவர்தான். கேள்விகளைப் பிறிஜெற் தமிழில் சொன்னாள்.

"இது அரசாங்கம் தடை பண்ணப்போற சாமானாம். தின்னா வருத்தம் வருமாம். ஏன் வளத்தீங்க, யாருக்கெல்லாம் குடுத்தீங்க எண்டு கேக்கிறார்."

"ஒழுங்கைச் சனத்துக்கு. இவவும் சாப்பிட்டவ. மாடி வீட்டுக்காரரும் சாப்பிட்டவர்."

"நீங்க சாப்பிட்டீங்களா எண்டு கேக்கிறார், அன்ரி."

சரோஜினிதேவி பொய் சொல்லிப் பழகாதவள். வீட்டில் அந்த வேலையை வேறொருவர் பார்த்துக்கொண்டார். "இல்லை," என்றாள்.

பிறிஜெற் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை, தலையசைப்பு எல்லா மொழியிலும் ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஊருக்கெல்லாம் கொடுத்த பழம், வீட்டுக்காரி மட்டும் ஒருநாளும் வாயில் வைக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த களைப்புப் போய்விட்டதைச் சரோஜினிதேவி கண்டாள். தான் சொன்ன ஒற்றைச் சொல் உள்ளே இருக்கிற மனிதரை எங்கே அனுப்பும் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"மணம்... மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. சொல்லு பிள்ளை, சின்னனிலையிருந்தே..."

பிறிஜெற் வேகவேகமாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. பழத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நோனா, கன்ன." தின்னச் சொன்னார்.

வாசலில் பறித்த கத்தி உள்ளே வந்தது. அவள் பழத்தைப் பிளந்தாள். மணம் எழும்பி மூக்குக்குள் ஏறியது. ஒரு துண்டை வாயில் வைத்து மென்றாள். நாக்கு அதை வெளியே தள்ளப் பார்த்தது. விழுங்கினாள். இன்னொரு துண்டு. இன்ஸ்பெக்டர் கையால் காட்டினார், முழுக்க. ஒரு பாதியை முழுதாகத் தின்று முடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. [மணத்தால் வந்த தண்ணீர். சித்திக்குக் கொடுத்த வாக்கு.]

பிறகு எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாடுகளில் இதற்கென்று எலி வளர்க்கிறார்களாம், வருடக்கணக்கில் பார்க்கிறார்களாம். இங்கே ஒரு கிளாக்கரின் மனுசி, ஒரு மேசைமின்விசிறி, ஒரு சுவர்க்கடிகாரம். அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு இருந்தாள். வாந்தி எடுத்தால் அவர் வெளியே வரமாட்டார். அது மட்டும்தான் மனதில் ஓடியது. பப்பாசிக்குள் என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்கவேயில்லை.

பக்கத்தில் நின்ற கொஸ்தாப்பலுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரசத?" என்றான். ருசியா என்று கேட்டான்.

"ரசய்," என்றாள். அவளுக்குத் தெரிந்த சில சிங்களச் சொற்களில் அதுவும் ஒன்று.

அவன் மற்றப் பாதியில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டான். ஒருவரும் ஏசவில்லை. அடுத்தவன் வந்தான். கடைசித் துண்டை இன்ஸ்பெக்டர் எடுத்தார். தடை செய்யப்படவிருந்த உணவு ஒன்று அரச அங்கீகாரம் பெற்ற முறை இதுதான்.

அன்று பின்னேரமே விட்டார்கள். போத்தல்களைத் தரவில்லை. மரத்தை வெட்டவும் கூடாது, பழம் பறிக்கவும் கூடாது, விவசாயப் பக்கத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள்.

9

தில்லைநாதன் வெறுங்காலோடு வந்தார். மனைவியைப் பார்த்தார், பிறிஜெற்றைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். த்ரீவீலரில் நடுவில் இருத்தினார்கள். பிறிஜெற் வழி நெடுக ஏதோ கதைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குக் கிட்ட வந்தபோது அவர் மெல்லிய குரலில் கேட்டார்:

"நீர் திண்டனீராம்?"

"ஓம்."

"எப்பிடி இருந்தது?"

முப்பத்தைந்து வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவர் காத்திருந்திருப்பார்.

"இனிச்சதப்பா," என்றாள்.

வீட்டுக்குள் போய், அவரைக் கதிரையில் இருத்தி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் முழுவதையும் வாந்தியெடுத்தாள்.

[இதை 'ஆபத்து' என்ற தலைப்பின் கீழ் போடலாமா என்று ஒஸ்வால்ட் கேட்கிறான். போடலாம். எதன் ஆபத்து என்று மட்டும் அடிக்குறிப்பில் எழுத வேண்டிவரும், பக்கம் போதாது.]

10

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கௌரி ரெலிபோன் எடுத்தாள். தகப்பன் கதைக்க வரவில்லை. தாய்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் கௌரி அழுகுரலில் சொன்னாள்: "அம்மா, அது அந்தப் பழம்தானோ எண்டே எனக்குத் தெரியாது. இஞ்சை சந்தையிலை ரெண்டு விதமும் கிடக்கும், மாத்தினதும் மாத்தாததும். அப்பா எந்தப் பழத்தின்ரை விதையை எடுத்தவரோ ஆருக்குத் தெரியும்?"

சரோஜினிதேவி ரெலிபோனை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். அவர் சுவரில் ஆணி மட்டும் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லவில்லை.

வாசகரே, இந்த இடத்தில் எனக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது. 'அந்த விதையில் வைரஸின் துண்டு இருந்தது' என்று ஒரு வசனம் எழுதினால் இருக்கும். 'இருக்கவில்லை' என்றால் இருக்காது. எந்த ஆய்வுகூடமும் இவ்வளவு மலிவாக மரபணு மாற்றியதில்லை. அதனாலேயே எழுதவில்லை.

விவசாய அலுவலர் ஒருவர் ஒரு மாதம் கழித்து வந்தார். இரண்டு இலையைப் பொலித்தீன் பைக்குள் போட்டார். முடிவு வரும் என்றார். இலை போன இடமும் தெரியாது, முடிவும் வரவில்லை. புரட்டாதியில் தடை வரவில்லை, பேச்சையே காணோம். நாகேந்திரம் மாடியிலிருந்து பழம் எட்டுமா என்று திரும்பவும் பார்க்கத் தொடங்கினார். மூட்டுவலி பழையபடி மூட்டுவலியானது.

மார்கழியில் மரத்தின் காய்களில் வளையம் விழுந்தது.

ஒஸ்வால்ட் தலையில் கையை வைத்தான். "அப்ப அதில ஜீன் இருக்கேல்லையா?"

துண்டுப்பிரசுரம் எழுதிய ஆளையே கேட்டேன். "இல்லாமலும் இருக்கலாம். இருந்தும், அங்குள்ள வைரஸுக்கு என்று செய்தது இங்குள்ள வைரஸிடம் தோற்றும் இருக்கலாம்," என்றார்.

"எந்த முடிவை நான் போடுறது?" என்றான் ஒஸ்வால்ட்.

அவனுக்காகச் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன். விஞ்ஞானத்தை ஆதரிப்பவர்களுக்கு: கலாநிதி திரும்பி வருகிறார், முறைப்படி அனுமதி பெற்ற புதிய கன்று ஒன்றை நடுகிறார், பிறிஜெற் கை தட்டுகிறாள். எதிர்ப்பவர்களுக்கு: மரம் சாய்கிறது, பாரம்பரிய விதையின் பெருமை பற்றி நாகேந்திரம் ஒரு பந்தி கதைக்கிறார். தேசபக்தர்களுக்கு: இன்ஸ்பெக்டரும் தில்லைநாதனும் சேர்ந்து ஒரு பழத்தைப் பங்கிட்டு —

அடித்துவிட்டேன். இனி இருப்பது, நடந்தது மட்டும்.

11

தை மாதம். துப்பாக்கிகள் கொஞ்சம் ஓய்ந்திருந்தன, நிரந்தரம் என்று ஒருவரும் நம்பவில்லை. ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த புவாத் என்ற மனிதர், தெஹிவளையில் பழக்கடை வைத்திருப்பவர், ஒரு காலையில் மதிலோரம் நின்றார். தில்லைநாதன் முற்றத்தில் கதிரையில் இருந்தார். சரோஜினிதேவி உள்ளே தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள், ஜன்னல் திறந்திருந்தது.

"அங்கிள், நல்ல ஜாதி மரம் போல இருக்கே. காயில என்ன வளையம் வளையமா? இது என்ன வருத்தம்? என்ட கடைக்கு வாற காயிலயும் இப்பிடித்தான் ஈக்குது. ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல."

சரோஜினிதேவியின் கை நின்றது. இந்தக் கேள்வியைத்தான் ஒரு காலத்தில் அவர் கதிரை போட்டு வரவேற்பார். நோயின் பெயர், அது எப்படிப் பரவும், எந்த மரத்தை உடனே பிடுங்க வேண்டும், எங்கே எப்படி வென்றார்கள், எங்கே இன்னும் வெல்லவில்லை, எல்லாம் அந்த மனிதருக்குத் தெரியும். கொழும்பில் அன்றைக்கு அதைச் சொல்லக்கூடியவர்களில் அவரும் ஒருவர். புவாத்துக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

தில்லைநாதன் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தெரியாது தம்பி," என்றார். "நாங்கள் வாடகைக்கு இருக்கிறம். இந்த மரம் நாங்கள் வர முதலே நிண்டது."

சரோஜினிதேவி திருவலையை விட்டு எழும்பினாள். கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவைச் சேலையில் துடைத்தாள். ஜன்னலுக்கு வந்தாள்.

இதற்கு மேல் சித்தி எனக்குச் சொல்லவில்லை. கேட்டேன். "நீர்தானே எழுத்தாளர்," என்றார். நான் எழுதவும் மாட்டேன். அவள் வெளியே போய்ப் புவாத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். புருஷன் சொன்னதே சரி என்று ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். எது நல்லது என்று எனக்குத் தெரியாது. சொன்னால் ஒரு ஜீப் வரும், சொல்லாவிட்டால் ஒரு நோய் பரவும். ஒஸ்வால்ட் கேட்ட சரி பாதி கடைசியில் இப்படித்தான் கிடைத்தது.

புவாத் இன்னும் மதிலோரம் நிற்கிறார். யாராவது பதில் சொல்லுங்கள்.